அரிசிக்கு வரும் நன்கொடை மென்பொருளுக்கு வருவதில்லை

சிங்கப்பூரில் ஒரு குடும்ப சேவை நிலையம். அங்கு வேலை பார்க்கும் சமூக சேவை ஊழியர் காலையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறார். தனியாக இருக்கும் பாட்டி ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். மூட்டுவலி, மகனோடு பேச்சு நின்றுபோனது, மின்கட்டணப் பாக்கி, நேற்று குளியலறையில் வழுக்கி விழப் பார்த்தது என்று பேச்சு எங்கெங்கோ போய் வருகிறது. ஊழியர் காது கொடுத்துக் கேட்கிறார், நடுவில் இரண்டு சொல் குறித்துக்கொள்கிறார். மதியம் இன்னொரு வீடு. அப்புறம் ஒரு பள்ளியிலிருந்து அவசர அழைப்பு. மாலை ஆறு மணிக்கு மேல்தான் மேசையில் உட்கார்ந்து எழுத முடிகிறது. பாட்டி சொன்னதில் எது அவசரம், யாருக்குத் தகவல் போக வேண்டும், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து இழுத்து வரிசைப்படுத்துகிறார். 'கேஸ் நோட்ஸ்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் குறிப்பு இல்லாமல் எதுவும் நகராது. நிதியுதவி கேட்க அது வேண்டும். ஊழியர் வேலை மாறிப் போனால் அடுத்து வருபவருக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் பாட்டி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்தால் முதலில் கேட்கப்படுவதும் அந்தக் குறிப்புதான்.

தொண்டு அமைப்புகள் செயற்கை நுண்ணறிவைப் (ஏஐ) பயன்படுத்த அரசு பணம் தருகிறது என்று கேள்விப்பட்டால் பலருக்கு மூத்தோர் இல்லத்தில் தேநீர் கொடுக்கும் ரோபோ நினைவுக்கு வரலாம். அந்தப் பணம் உண்மையில் பயன்படக்கூடிய இடம் இந்த ஆறு மணி மேசை. அங்கே என்ன நடக்கிறது, பணம் எப்படி வருகிறது, எங்கே சிக்குகிறது என்பதைச் சிங்கப்பூரை வைத்துப் பார்க்கலாம். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்றாக இருக்கும் நாடு என்பதால் நமக்கு இதில் நேரடியான அக்கறை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இதற்கு ஏன் அரசு பணம் தர வேண்டும்? கடைக்காரர் ஒருவர் கல்லாவுக்குப் புதுக் கணினி வாங்கினால் செலவும் அவருடையது, லாபமும் அவருடையது. தொண்டு அமைப்பில் இந்தக் கணக்கு நிற்காது. பணம் கொடுப்பவர் ஒருவர், உதவி பெறுபவர் இன்னொருவர், இரண்டுக்கும் நடுவில் ராத்திரி வரை உட்கார்ந்து எழுதுபவர் மூன்றாமவர். அவருடைய நேரம் மிச்சமானால் அமைப்புக்கு வருமானம் எதுவும் கூடாது. பாட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குச் சந்தையில் விலை இல்லை.

நன்கொடையாளர்களும் இதற்குப் பணம் தருவதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் இருந்த மூத்தோர் நிலையம் ஒன்றில் சில ஆண்டுகள் தொண்டூழியம் செய்தேன். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த, அல்லது எதுவுமே படிக்கத் தெரியாத பாட்டி தாத்தாக்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. ஒரு தீபாவளிக்கு முன்னால் அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பை கொடுக்கப் பணம் கேட்டபோது, ஒரே வாரத்தில் தேவைக்கு மேலே சேர்ந்துவிட்டது. அதே நிலையத்தில் மூத்தோர் விவரங்களை வைத்திருந்த மடிக்கணினி திறந்து வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். அதை மாற்ற யாரிடமும் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று அங்கிருந்த அக்கா சொன்னார். அரிசிப் பையைப் படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பலாம். மென்பொருளை எப்படிப் படம் எடுப்பது?

சிங்கப்பூரில் இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2005-இல் தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்தது. அதன் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு 600,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்கியதும், அவருடைய அலுவலகக் குளியலறைக்குத் தங்கமுலாம் பூசிய குழாய் வாங்கியதும் நீதிமன்றத்தில் வெளிவந்தபோது நாடே கொதித்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. அறநிறுவன மன்றம் 2007-இல் வந்தது, நிர்வாக நெறிமுறைகள் வந்தன. பொதுமக்களிடம் நிதி திரட்டும்போது அதற்கு ஆகும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அது நிதி திரட்டும் செலவுக்கு மட்டுமான விதி. ஆனால் மக்கள் மனத்தில் தங்கிப்போனது அதைவிடப் பெரிய விதி: அலுவலகத்துக்குச் செலவானது எல்லாம் வீண். நல்ல எண்ணத்தில் பிறந்த இந்தச் சந்தேகம் கணினிக்கும் பயிற்சிக்கும் தகவல் பாதுகாப்புக்கும் பணம் போகவிடாமல் தடுக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப அரசைத் தவிர வேறு பெரிய கை கிடையாது என்பதே என் எண்ணம்.

இனி பணம் வரும் பாதை. நடுவில் நிற்பது தேசிய சமூக சேவை மன்றம். 1958-இல் சிங்கப்பூர் சமூக சேவை மன்றமாகத் தொடங்கி, 1992-இல் இன்றைய பெயருக்கு மாறியது. 500-க்கும் மேற்பட்ட சமூக சேவை அமைப்புகள் அதன் உறுப்பினர்கள். ஐந்து பேர் வேலை செய்யும் அமைப்பும் அதில் உண்டு, ஆயிரம் பேர் வேலை செய்யும் அமைப்பும் உண்டு. செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு பெரிதாவதற்கு முன்பே, சாதாரண மென்பொருள் வாங்கவும் ஆலோசனை பெறவும் 'டெக்-அண்ட்-கோ' என்ற திட்டத்தின் வழியாக மன்றம் மானியம் தந்துவந்தது. 2021-இல் சமூக சேவைத் துறைக்கென்று ஒரு மின்னிலக்கத் திட்ட வரைவு வெளியானது. அமைப்பு தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்பது அதன் அடிப்படை. இணையத்தில் நன்கொடை வாங்குவது, தொண்டூழியர் பட்டியலை நிர்வகிப்பது போன்ற எளிய வேலைகள் முதலில். தரவைக் கொண்டு முடிவெடுப்பது அப்புறம். 2022-இல் சமூக ஆற்றல் அறநிதி ஒன்றும் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பல நூறு மில்லியன் வெள்ளி என்ற அளவில், அரசுப் பணம், நன்கொடை, டோட் போர்டின் பணம் மூன்றும் அதில் கலக்கின்றன.

டோட் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-இல் அமைக்கப்பட்ட இந்த அரசு வாரியத்துக்கு வரும் பணம் லாட்டரியிலிருந்தும் பந்தயத்திலிருந்தும் வருகிறது. சூதாட்டக் கூடத்துக்குள் நுழையச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். அந்தத் தொகையும் இங்கேதான் சேர்கிறது. சூதாட்டத்தால் உடைந்த குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகளும் டோட் போர்டின் உதவி கிடைக்கும் துறையில்தான் இருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்தப் பணம் வீணாகாமல் உரிய இடத்துக்குப் போக வேண்டும் என்ற அக்கறையும் அதிலிருந்தே வருகிறது.

இவற்றுக்கு மேலே நாட்டின் பெரிய திட்டம் நிற்கிறது. 2023 டிசம்பரில் இரண்டாவது தேசிய செயற்கை நுண்ணறிவு உத்தி வெளியானது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 1 பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி சில்லுகளுக்கும் ஆராய்ச்சிக்கும் தொழில்துறைக்கும் உரியது. தொண்டு அமைப்புகளுக்கு வருவது பெரிய ஆற்றிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால். ஆனால் அந்த வாய்க்காலில் முன்பே வேலை நடந்திருந்தது என்பது முக்கியம். பத்து ஆண்டுகளாகக் கணக்கு மென்பொருளும் பதிவேடும் பழகிய அமைப்புக்கு ஏஐ இன்னொரு படி. விவரங்கள் எல்லாம் இன்னமும் காகிதக் கோப்பில் இருக்கும் அமைப்புக்கு அது படியே அல்ல, மொட்டைமாடி.

உதவி இரண்டு வடிவத்தில் வரலாம். ஒன்று, பணம்: நீயே கருவியைத் தேர்ந்தெடு, செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம். இன்னொன்று, கருவியையே கட்டிக் கொடுப்பது. சிங்கப்பூர் அரசின் தொழில்நுட்பக் குழுவான ஓப்பன் கவர்மெண்ட் புராடக்ட்ஸ் ஆண்டுதோறும் பொதுநலனுக்காக ஒரு ஹேக்கத்தான், அதாவது புதுக் கருவிகளைக் கட்டிப் பார்க்கும் முகாம், நடத்துகிறது. சமூக சேவை ஊழியர்களுக்கான 'ஸ்கிரைப்' என்ற கருவியை உருவாக்கியதும் அந்தக் குழுதான். உரையாடலைக் கேட்டு எழுத்தாக்கி, கேஸ் குறிப்பின் வடிவத்தில் ஒரு முதல் வரைவைத் தருகிறது. ஊழியர் அதைப் படித்துத் திருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம். ஐந்து பேர் வேலை செய்யும் அமைப்பால் மென்பொருள் விற்பவரோடு ஒப்பந்தம் பேச முடியாது. பதிவான குரல் எந்த நாட்டுக் கணினியில் போய்த் தங்குகிறது, அதைக் கொண்டு வேறு ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கிறார்களா, எப்போது அழிக்கிறார்கள் என்று விசாரிக்க அங்கே ஆள் கிடையாது. நூறு அமைப்புகள் தனித்தனியாக இந்த விசாரணையைச் செய்வதைவிட ஒரு முறை சரியாகச் செய்து எல்லோருக்கும் கொடுப்பது சிக்கனம், பத்திரம். ஆனால் இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. அரசு கட்டிய கருவியில் அரசு உதவி நாடுபவரின் குரல் பதிவாகிறது. 'சொன்னது எல்லாம் மேலே போய்விடுமோ' என்று ஒருவர் பயந்தால் பாதியை விழுங்கிவிடுவார். வீட்டில் அடி வாங்கும் பெண், விசா முடியப்போகும் வெளிநாட்டு மனைவி, கந்துவட்டிக் கடன் முதலைக்குப் பயந்து ஒளிந்திருக்கும் தகப்பன் ஆகியோர் இப்படி விழுங்குகிறவர்கள்.

சரி, மானியம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்துக்கு 20,000 வெள்ளி செலவு, மானியம் 70 விழுக்காடு. இது நான் விளக்கத்துக்காகப் போடும் கணக்கு. அமைப்பின் பங்கு 6,000 வெள்ளி. இத்தகைய மானியங்களில் பொதுவாக முதலில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ரசீது கொடுத்து, அப்புறம்தான் திரும்பப் பெற வேண்டும். அதாவது 14,000 வெள்ளி சில மாதங்களுக்கு வெளியே நிற்கும். கையிருப்பில் மூன்று மாதச் சம்பளம் மட்டும் வைத்திருக்கும் அமைப்புக்கு அது பெரிய சுமை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பவும், விலைப்புள்ளிகள் வாங்கவும், அறிக்கை எழுதவும் ஆள் வேண்டும். பெரிய அமைப்பில் அதற்கென்றே ஒருவர் இருப்பார். சின்ன அமைப்பில் பகலில் வீடு வீடாகப் போகும் அதே ஊழியர்தான். நேரத்தை மிச்சப்படுத்தத் தரும் மானியத்தை வாங்கவே நேரம் இல்லாமல் போகிறது. இதனாலேயே ஏற்கெனவே வலுவாக இருக்கும் அமைப்புகள் முதலில் ஓடிவந்து வாங்கிக்கொள்கின்றன. மானியத்தை வடிவமைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடியும்: சின்ன அமைப்புக்கு முன்பணம் தருவது, பத்து அமைப்புகளுக்குச் சேர்த்து ஒரு தொழில்நுட்ப ஆளை அமர்த்துவது.

தரவைச் சுத்தம் செய்யும் வேலையை யாரும் பட்ஜெட்டில் சரியாகப் போடுவதில்லை. ஒரே பாட்டியின் பெயர் ஒரு கோப்பில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி, மூன்றாவதில் கணவர் பெயரோடு சேர்த்து ஆங்கிலத்தில் நான்காவது எழுத்துக்கோவை. வீடு மாறியது ஒரு பட்டியலில் ஏறியிருக்கும், மற்றதில் ஏறியிருக்காது. கால் எடுத்த பிறகும் 'தானே நடப்பார்' என்ற வரி அப்படியே நிற்கும். இந்தக் குப்பையின் மேல் எவ்வளவு புத்திசாலிக் கருவியை வைத்தாலும் அது குப்பையைத்தான் அழகான வாக்கியங்களில் திருப்பிச் சொல்லும். ஒரு அமைப்பின் பதிவேடுகளை ஒழுங்குபடுத்த இரண்டு பேர் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு மானியம் தாராளமாகக் கிடைத்தால் ஏஐ வராவிட்டாலும் நன்மைதான். மென்பொருள் உரிமத்துக்குப் பணம் தருவது அரசுக்கு எளிது, ரசீது இருக்கிறது. பதிவேட்டில் பெயர் திருத்தும் பெண்ணின் சம்பளத்துக்கு ரசீது போடுவது கடினம். ஆனால் என்னைக் கேட்டால் மானியத்தில் பாதியாவது அங்கே போக வேண்டும்.

அடுத்தது, கருவி தவறு செய்தால் என்ன ஆகும்? பேச்சை எழுத்தாக்கும் கருவிகளில் பரவலாகப் பயன்படுவது ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய 1 விழுக்காட்டில், பேசியவர் சொல்லவே சொல்லாத சொற்றொடர்களைக் கருவி தானாக எழுதியிருந்தது. அப்படிப் புனையப்பட்டவற்றில் 38 விழுக்காடு தீங்கானவை: நடக்காத வன்முறை, இல்லாத உறவு, யாரோ அதிகாரி சொன்னதுபோல் ஒரு வாக்கியம். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு பாதிக்கப்பட்டவர்களின் குரலில் இது கூடுதலாக நடந்தது. அவர்கள் சொல் தேடி நீண்ட நேரம் நிறுத்திப் பேசுகிறார்கள். அந்த மௌனத்தைக் கருவி தன் கற்பனையால் நிரப்புகிறது.

1 விழுக்காடு சின்னதாகத் தெரியலாம். ஒரு நிறுவனக் கூட்டத்தின் குறிப்பில் அது பரவாயில்லை. குடும்ப சேவை நிலையத்துக்கு வருபவர்களில் எத்தனை பேர் தடுமாறாமல், நிறுத்தாமல், அழாமல் பேசுகிறார்கள்? அங்கே மௌனம்தான் பேச்சில் பாதி. ஒரு தந்தை பேசாமல் இருந்த பத்து நொடியில் அவர் சொல்லாத ஒரு கோபச் சொல் கோப்பில் ஏறினால், அந்தக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற முடிவு வரை அது போகலாம். அதனால் 'ஊழியர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்வார்' என்ற வரிதான் முழுப் பாதுகாப்பும். நாள் முழுக்க அலைந்து களைத்தவர், மாலையில் சரளமாக எழுதப்பட்ட வரைவை எவ்வளவு கவனமாகப் படிப்பார்? பயிற்சிக்கும், வரைவையும் ஒலிப்பதிவையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் மானியத்திலேயே இடம் வேண்டும்.

இன்னொரு விதமான தவறும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் உணவுக் கோளாறுகளுக்கான தேசியச் சங்கம் என்ற தொண்டு அமைப்பு 2023-இல் தன் தொலைபேசி உதவிச் சேவையை மூட முடிவெடுத்தது. அதே நேரத்தில் 'டெஸ்ஸா' என்ற அரட்டைக் கருவியை முன்னிறுத்தியது. சாப்பாட்டைக் கண்டு பயப்படும் நோயோடு வந்தவர்களுக்கு அது எடை குறைக்கும் ஆலோசனை சொன்னது வெளியே தெரிந்து, மே மாத இறுதியில் கருவியை நிறுத்தினார்கள். எழுத உதவுவது ஒன்று, ஆளுக்குப் பதிலாக உட்காருவது வேறு. முதலாவதுக்கு அரசு பணம் தரட்டும். இரண்டாவதுக்கு ஒரு காசும் தரக் கூடாது என்று விதியாகவே எழுதலாம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். கடிதம் படித்துச் சொல்லப் போன நாட்களில் ஒரு பாட்டி அடிக்கடி சொல்லும் வரி: "சீக்கிரம் போய்ச் சேந்தா தேவலய்யா." எந்தத் தமிழருக்கும் இதன் பொருள் தெரியும். ஒரு இயந்திரம் இதை ஆங்கிலத்தில் எழுதினால், சீக்கிரமாக எங்கோ போய்ச் சேர விரும்புகிறார் என்று பயணக் குறிப்பாகிவிடலாம். அல்லது தற்கொலை எண்ணம் என்று சிவப்புக் கொடி ஏறலாம். வயதானவர்கள் அலுப்பில் சொல்லும் பழக்கமான பேச்சா, இந்த வாரம் குரல் மாறியிருக்கிறதா என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல முடியும். "வயிறு எரியுது" என்றால் இரைப்பைக் கோளாறும் இருக்கலாம், மருமகள் மேல் உள்ள ஆற்றாமையும் இருக்கலாம். சிங்கப்பூரின் பழைய தலைமுறைத் தமிழில் மலாயும் கலந்துவரும். ஆஸ்பத்திரிக்குப் போவது "ரொம்ப சூசா" என்பார்கள். சிரமம் என்ற பொருளில் மலாய்ச் சொல். 'எச்டிபி லெட்டர்' (வீடமைப்புக் கழகக் கடிதம்), 'லைட்டு பில்லு', 'பாசார்' (சந்தை) எல்லாம் ஒரே மூச்சில் வரும். சீனப் பாட்டிகளின் ஹொக்கியன், தியோச்சு பேச்சுக்கும் இதே பிரச்சினை.

இந்தத் திசையில் அரசுப் பணம் ஓரளவு சரியாகவே போயிருக்கிறது. தென்கிழக்காசிய மொழிகளுக்கென்று 70 மில்லியன் வெள்ளியில் ஒரு தேசியத் திட்டம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏஐ சிங்கப்பூர் என்ற அமைப்பு உருவாக்கிய 'சீ-லயன்' மொழி மாதிரியில் பல மொழிகள், அவற்றில் தமிழும் உண்டு. பேச்சைப் புரிந்துகொள்ளும் 'மெராலயன்' என்ற மாதிரியை ஏஸ்டார் ஆய்வு அமைப்பு உருவாக்கியது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் தொடங்கி அதன் அடுத்த பதிப்பு தமிழையும் மலாயையும் சேர்த்துக்கொண்டது. இது வணிக நிறுவனங்கள் தாமாகச் செய்திருக்கக்கூடிய வேலை அல்ல. கொஞ்சம் பேரே பேசும் சிங்கப்பூர்த் தமிழுக்குச் சந்தை எங்கே?

மாதிரி இருப்பது ஒன்று, அது முதியவரின் பேச்சைப் பிடிப்பது இன்னொன்று. செய்தி வாசிப்பாளரின் தமிழில் பயின்ற கருவி, பல் இல்லாத வாயிலிருந்து வரும் தஞ்சாவூர்த் தமிழையும் மலாய் கலந்த தமிழையும் எப்படி எழுதுகிறது என்று யாராவது உட்கார்ந்து சோதிக்க வேண்டும். அதைச் செய்யத் தகுதியானவர்கள் இந்த அமைப்புகளில் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து உதவும் தமிழ்த் தொண்டூழியர்கள். அவர்களுக்கு நேரக் கணக்கில் பணம் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற அமைப்பு இதை முன்னெடுக்கலாம். 1991-இல் தொடங்கிய அது, இந்தியச் சமூகத்து ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வரும் சிறு தொகையையும் கொண்டு நடக்கிறது. நம் சமூகத்தின் பணம், நம் மொழியின் வேலை. நான்கு மொழிகளிலும் சோதித்துத் தேறாத கருவிக்கு மானியம் கிடையாது என்று தேசிய சமூக சேவை மன்றம் ஒரு வரி சேர்த்தால் விற்பவர்கள் தாமாகவே தமிழைத் தேடி வருவார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ திட்டம் 10,372 கோடி ரூபாய் அளவிலானது. ஏஐ உருவாக்கத் தேவையான கணினித் திறனைச் சலுகை விலையில் தருவதே அதன் மிகப் பெரிய பகுதி. கருவி உருவாக்குகிறவர்களுக்கு அது வரம். உசிலம்பட்டியில் பெண் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்புக்குக் கணினிச் சில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு 2020 சட்டத்திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டது. கணக்கரும் வாடகையும் போக அதில் கணினிக்கு என்ன மிஞ்சும்? ஒரு பக்கம் ஏஐ பரவ வேண்டும் என்று பணம் ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் கையைக் கட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மீண்டும் ஆறு மணி மேசை. கருவி நன்றாக வேலை செய்து, ஊழியருக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து மணி நேரம் யாருக்குச் சொந்தம்? அவர் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். பாட்டியோடு கூடுதலாக அரை மணி உட்காரலாம். அல்லது, 'நேரம்தான் மிச்சமாகிறதே' என்று மேலும் எட்டு குடும்பங்கள் அவர் பட்டியலில் ஏறலாம். 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்னும்போது, மூன்றாவதுதான் நடக்கும் என்று பயப்படக் காரணம் இருக்கிறது. குடும்ப சேவை நிலையங்களுக்கு நிதி தரும் கையும் அரசுடையதே என்பதால் இதை முன்கூட்டியே முடிவுசெய்ய அரசால் முடியும். மானிய அறிக்கையில் 'எத்தனை அமைப்புகள் ஏஐ பயன்படுத்துகின்றன' என்று எண்ணுவது எளிது. நான் எண்ணச் சொல்வது வேறு: ஒரு ஊழியர் ஒரு மாதத்தில் எத்தனை மணி நேரம் மனிதர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாமல் இருந்தார்கள்.

கடைசியாக ஒப்புதல். 2012-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொண்டு அமைப்புகளுக்கும் பொருந்தும். கையெழுத்து வாங்கிவிட்டால் காகிதத்தில் ஒப்புதல் ஆகிவிடும். நான் படித்துச் சொன்ன கடிதங்களில் எத்தனையோ கையெழுத்துகள் என்னவென்று தெரியாமலேயே போடப்பட்டவை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் இருக்கும் படிவத்தின் இடத்தில், வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய தமிழ் இரண்டு வரி போதும்: "பாட்டி, நீங்க பேசறத இந்த ஃபோன் கேட்டு எழுதிக்கும், அப்புறம் நான் படிச்சுச் சரி பண்ணுவேன். வேணாம்னா சொல்லுங்க, அணைச்சிடறேன்; உங்களுக்குக் கிடைக்கிற உதவி எதுவும் குறையாது." இந்த இரண்டு வரியை நான்கு மொழிகளிலும் எழுதி, ஊழியர்கள் சொல்லிப் பழக ஒரு மதியம் போதும். அணைக்கச் சொன்னவருக்கு உதவி உண்மையிலேயே குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆண்டு முழுக்க ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளத்தையும் மானியத்தில் எழுதி வையுங்கள்.